அகத்தி விமானம் ஏறும் முன்: எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அகத்தி என்றால் கீரைதான். துவாதசிக்குச் சமைப்போம், மிச்சத்தை ஆட்டுக்குப் போடுவோம். "அகத்திக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று சித்தியிடம் சொன்னபோது, "யார் தோட்டத்துக்கு?" என்றுதான் கேட்டார். நான் சொன்னது லட்சத்தீவில் இருக்கும் அகத்தியை. கொச்சியிலிருந்து மேற்கே சுமார் 460 கிலோமீட்டர்; நடுவில் அரபிக்கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. 36 தீவுகள் கொண்ட லட்சத்தீவு முழுமைக்கும் விமான நிலையம் அங்கே ஒன்றுதான்.

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக்குப் போன படங்கள் வெளிவந்த பிறகு, எங்கள் பக்கத்திலும் ஆளாளுக்கு அகத்தியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று எல்லையை ஒட்டி வாழும் நமக்கு விமான நிலையம் புதிதல்ல. வளைகுடாவுக்குப் போகிறவர்களை ஏற்றிவிடவும் அழைத்துவரவும் கோயம்புத்தூருக்கும், கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்கும் நடையாய் நடந்திருக்கிறோம். டிக்கெட் போட்டோம், பெட்டி கட்டினோம், கிளம்பினோம் என்ற அதே பழக்கத்தில் அகத்திக்கும் கிளம்பினால் அடி விழும். எனக்கு ஒரே பயணத்தில் இரண்டு அடி விழுந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். அகத்தி விமானம் ஓர் ஊருக்கு நாளைக்கு ஒன்றிரண்டு நடை வந்துபோகும் டவுன் பஸ் மாதிரி. கொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்லூரியிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள், எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் என்று தீவுக்காரர்கள் அன்றாட வேலைக்காக ஏறும் வண்டி அது. லட்சத்தீவுக்கும் கேரள உயர்நீதிமன்றம்தான். நாம் அந்த பஸ்ஸில் இடம் கேட்டு ஏறும் வெளியூர்க்காரர்கள்.

முதல் வேலை: அனுமதி

லட்சத்தீவு இந்தியாவில்தான் இருக்கிறது. ஆனாலும் தீவைச் சேராத எவரும், இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், நுழைவு அனுமதி இல்லாமல் போக முடியாது. 1967-ஆம் ஆண்டின் நுழைவு, வசிப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அப்படிச் சொல்கின்றன. பழங்குடியினர் பட்டியலில் உள்ள தீவு மக்களின் நிலத்துக்கும் வாழ்க்கைக்கும் காப்பாக வைத்த வேலி அது. 2011 கணக்கெடுப்பில் லட்சத்தீவின் மொத்த மக்கள்தொகையே 64,473 பேர்தான். நம் பக்கத்து நகராட்சி ஒன்றிரண்டைச் சேர்த்தால் அதைத் தாண்டிவிடும். வேலி ஏன் வேண்டும் என்று எல்லையில் வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அனுமதி வாங்க இரண்டு வழிகள். தீவில் தெரிந்தவர் யாராவது இருந்து, உங்களை அழைத்துப் பொறுப்பேற்றால் லட்சத்தீவு நிர்வாகத்தின் இ-பர்மிட் தளத்தில் விண்ணப்பிக்கலாம். அப்படி யாரும் இல்லாதவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், நிர்வாகத்தின் அங்கீகாரம் பெற்ற சுற்றுலா ஏற்பாட்டாளர் வழியாகவோ, நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான 'ஸ்போர்ட்ஸ்' நடத்தும் பயணத் திட்டங்கள் வழியாகவோ போவது சுலபம். தங்குமிடத்தோடு அனுமதி வேலையையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நேரில் போய்க் கேட்க வேண்டுமானால் நிர்வாகத்தின் அலுவலகம் கொச்சி வில்லிங்டன் தீவில் இருக்கிறது. விமான நிலையமோ அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் நெடும்பாசேரியில். "விமானம் ஏறும் அன்று காலையில் அப்படியே அலுவலகத்துக்கும் ஒரு எட்டு போய் அனுமதியை வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அவர் கொச்சிப் போக்குவரத்தைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

தேவைப்படும் காகிதங்களில் அடையாள அட்டையும் படமும் சாதாரணம். போலீஸ் நற்சான்று கேட்டால்தான் எல்லைக்காரர்களுக்குச் சோதனை. என்னிடம் கேட்டார்கள். நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் ஒரே ஆளுக்கு இரண்டு மாநிலங்களில் வாழ்க்கை இருக்கும். வீடு கொழிஞ்சாம்பாறையில், வேலை பொள்ளாச்சியில். ரேஷன் கார்டு இந்தப் பக்கம், ஆதாரில் ஏதோ ஒரு காலத்தில் கொடுத்த வாடகை வீட்டு முகவரி அந்தப் பக்கம். நான் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கேரளத்தின் இ-சேவை மையமான அக்ஷயாவில் உட்கார்ந்து, கேரளப் போலீஸின் 'துணா' தளத்தில் நற்சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஆதாரில் இருந்ததோ பொள்ளாச்சி முகவரி. ஆவணமும் விண்ணப்பமும் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. பிறகு அந்தப் பக்கம் போய் இ-சேவை மையத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பன்னிரண்டு நாட்கள் அதிலேயே போயின. எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் எந்த முகவரி இருக்கிறதோ, அந்த மாநிலத்துப் போலீஸிடம் விண்ணப்பியுங்கள். இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

பெயரையும் கவனியுங்கள். நமக்கு இன்ஷியல்தான் வம்பு. என் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒற்றை எழுத்து. ஆதாரில் முழுப் பெயர். ரேஷன் கார்டில் மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன வழியில் ஓர் எழுத்து கூடிவிட்டது. அனுமதி, டிக்கெட், அடையாள அட்டை மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். குழந்தைகளை அழைத்துப் போனால் அவர்களுக்கும் அனுமதி தனியாக வேண்டும்.

அனுமதிச் சீட்டு கைக்கு வந்ததும் எந்தெந்தத் தீவின் பெயர் அதில் இருக்கிறது என்று படியுங்கள். அகத்தி என்று மட்டும் இருந்தால் அகத்தி மட்டும்தான். பக்கத்தில் உள்ள பங்காரம் தீவுக்கும் போக வேண்டுமென்றால் அந்தப் பெயரும் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் டிக்கெட்

எனக்கு விழுந்த முதல் அடி இங்கேதான். ஓர் ஏஜென்ட் என்னிடம் பணத்தை வாங்கிக்கொண்டு நல்லபடியாக டிக்கெட்டையும் போட்டுக் கொடுத்தார். அனுமதி என்று ஒன்று உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் தெரிந்துகொண்டபோது பயணத்துக்கு இருபது நாட்கள் இருந்தன. நற்சான்று குளறுபடியில் பன்னிரண்டு நாட்கள் போனது போக மிச்சம் போதவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தபோது திரும்பி வந்த தொகையில் சித்தூரில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடலாம்.

ஒழுங்கு இதுதான்: தங்குமிடமும் அனுமதியும் முடிவாக வேண்டும்; தேதி உறுதியானதும் டிக்கெட். அனுமதி வரும்வரை டிக்கெட் தீர்ந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். இருக்கைகள் குறைவு, தீவுக்காரர்கள் பள்ளி விடுமுறைக்கும் பெருநாளுக்கும் முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். பெருநாளை ஒட்டிய வாரத்தில் போகாதீர்கள் என்பேன். அவர்கள் வீட்டுக்குப் போகும் நாளில் நாம் போய் இடத்தை அடைக்க வேண்டாம்.

போகும் காலம் அக்டோபர் முதல் மே தொடக்கம் வரை. பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் நம் ஊர்த் தென்னையே தலைவிரித்து ஆடும். அதே தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்கு வருமுன் கடலில் முதலில் தொடுவது இந்தத் தீவுகளைத்தான். அப்போது கப்பல் போக்குவரத்து குறைகிறது. விமானமும் வானிலை பார்த்துத்தான்.

எடை: மாம்பழப் பெட்டியின் கதை

நெடும்பாசேரி ஓடுதளத்தின் நீளம் 3,400 மீட்டர். அகத்தியில் சுமார் 1,200 மீட்டர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தீவின் தென்கோடி ஒடுங்கி வால் போல நீளும் இடத்தில் ஓடுதளத்தைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல். 1988-ல் அதைத் திறந்தபோது வந்து இறங்கியவை டோர்னியர் என்ற சின்ன விமானங்கள். இன்று ஏ.டி.ஆர். வகை, உந்துவிசிறி வைத்தவை, எழுபது சொச்சம் பேர் உட்காரலாம். ஓடுதளம் இன்னும் குட்டைதான். தெற்கே கல்பிட்டி என்ற ஆளில்லாத சிறு தீவு வரை நீட்டுவது பற்றிய பேச்சு பல வருடங்களாக இருக்கிறது. பவளப்பாறை நடுவில் இருக்கிறதே என்ற எதிர்ப்பும் கூடவே இருக்கிறது.

நமக்கு இதனால் வரும் சங்கதி எடை. ஓடுதளம் குட்டையாக இருந்தால் கனமான விமானம் வேகமெடுத்து எழும்பவும் இடம் போதாது, இறங்கி நிற்கவும் இடம் போதாது. வெயில் ஏறினால் காற்று மெலிந்துபோகும்; தரை நனைந்தால் பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் வேண்டும். பக்கத்தில் வேறு விமான நிலையம் கிடையாது என்பதால், இறங்க முடியாமல் போனால் கரைக்கே திரும்புவதற்கான எரிபொருளையும் சுமந்தாக வேண்டும். எல்லாம் போக மிச்சமிருக்கும் இடம்தான் பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும். வளைகுடா விமானத்தில் முப்பது கிலோ ஏற்றிய பழக்கத்தை மறந்துவிடுங்கள். டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதோ அதற்கு ஒரு கிலோ குறைவாகவே வீட்டில் நிறுத்திப் பார்த்துக் கட்டுங்கள். பழைய பேப்பர்க்காரரின் தொங்கு தராசு போதும்.

நான் போனது மார்ச். முதலமடையில் மாம்பழம் வந்துவிட்ட நேரம். தங்கப் போகும் வீட்டாருக்கு வெறுங்கையோடு போவதா என்று ஒரு பெட்டி பங்கனப்பள்ளியை வைக்கோல் போட்டுக் கட்டி எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பையையும் பெட்டியையும் தராசில் வைத்தார். சிவப்பு எண்கள் ஏறி, கொஞ்சம் ஆடி, நின்றன. அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். காசு கட்டுகிறேன் என்றேன். "இடம் இல்லை சார், காசு பிரச்சினை இல்லை" என்றார். பின்னால் வரிசையில் நின்ற தீவுக்காரர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை; இந்தக் காட்சியை அவர்கள் நிறையப் பார்த்திருக்க வேண்டும். பையிலிருந்து ஒரு ஜோடிச் செருப்பையும் இரண்டு பேன்ட்டுகளையும் எடுத்துவிட்டால் ஆறு பழங்களைக் கொண்டுபோகலாம் என்று தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கடைசியில் ஆறு பழங்கள் மட்டும் கடல் தாண்டின. மற்றவை என்னை இறக்கிவிட்டுக் கிளம்பப் போன டாக்ஸி ஓட்டுநரின் வீட்டுக்குப் போயின; பேன்ட்டுகளும் அவரிடம்தான், திரும்பி வரும்போது வாங்கிக்கொண்டேன்.

எதைக் கொண்டுபோகலாம், எதை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைத்தால் திறக்கச் சொல்வார்கள். முழுத் தேங்காயைக் கைப்பையில் விடமாட்டார்கள். சபரிமலைக்குப் போகும் பக்தர்களின் இருமுடிக்காக 2022-லும் அதன் பிறகும் சில சீசன்களில் மட்டும் தளர்த்தினார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. தேங்காய்க்குத் தலைநகரான தீவுக்குத் தேங்காய் கொண்டுபோகிறவர் யாரும் இருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மதுவைத் தொடவே வேண்டாம். பங்காரத்தில் மட்டும் விதிவிலக்கு; மற்றபடி லட்சத்தீவில் மதுவிலக்கு. கேரளம் முழுவதற்கும் கள் இறக்கி அனுப்பும் சித்தூர்த் தாலுகாக்காரர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அங்கேயும் தென்னையில் ஏறிப் பாளை சீவுகிறார்கள்; புளிக்க விடாமல் காய்ச்சித் தீவுச் சர்க்கரை ஆக்குகிறார்கள். நம் பதநீரின் ஒன்றுவிட்ட தம்பி.

நெடும்பாசேரிக்குப் போவது

இதில் பெரிய வித்தை இல்லை. பாலக்காட்டிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். ரயிலில் போனால் அங்கமாலி பக்கம், ஆனால் அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு. ஆலுவாவில் இறங்கிப் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிப்பது நிச்சயமானது. காரில் போனால் 2021-ல் திறந்த குதிரான் சுரங்கப்பாதைக்குப் பிறகு பழைய வேதனை இல்லை. அகத்திக்கு உள்நாட்டு முனையம், அதாவது டி-1. நம்மவர்கள் காலே தானாக வெளிநாட்டு முனையத்துக்குப் போய்விடும். ஓட்டுநரிடம் முன்பே சொல்லுங்கள். காலை விமானமென்றால் முந்தின இரவே போய்விடுவது நல்லது. வழியில் மண்ணுத்தியிலோ சாலக்குடியிலோ ஒரு லாரி குறுக்கே நின்றால் போதும்.

உள்ளே நுழையும்போது அடையாள அட்டையோடு அனுமதிச் சீட்டையும் கேட்பார்கள். இரண்டு பிரதிகள் காகிதத்தில் இருக்கட்டும். போனில் இருக்கிறது என்று சொல்லி, சார்ஜ் தீர்ந்த போனைத் தட்டிக்கொண்டிருந்த ஒருவரை நான் பார்த்தேன்.

ஏறியதும்

விமானத்துக்குப் பின்பக்கக் கதவில்தான் ஏற வேண்டும், சின்னப் படிக்கட்டு. அதனால் கடைசி வரிசைகளில் உட்கார்ந்தவர்கள் முதலில் இறங்குவார்கள். முன்வரிசையில் இடம் கேட்டு வாங்குவதில் பெருமை ஒன்றும் இல்லை. தலைக்கு மேலுள்ள அலமாரி சிறியது. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே நன்றாகத் தெரியும். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காயல், அதாவது பவளத்திட்டுக்கு உள்ளே கிடக்கும் ஆழமில்லாத கடல், தெரியும் என்று பலர் கேட்கிறார்கள். அகத்தியின் காயல் மேற்குப் பக்கம்; ஓடுதளம் வடகிழக்கு - தென்மேற்காகக் கிடக்கிறது. வடகிழக்கிலிருந்து இறங்கினால் வலப்பக்கம், தென்மேற்கிலிருந்து இறங்கினால் இடப்பக்கம். எந்தத் திசையிலிருந்து இறங்குவது என்பதைக் காற்று தீர்மானிக்கும். அதனால் சும்மா உட்காருங்கள்.

என் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மையார், ஒரு கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்பு, மடியில் துணிப்பை. கொச்சியில் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறார். பையிலிருந்து கறிவேப்பிலை வாசம் வந்தது. தீவுக்காரர்கள் பேசும் ஜெசரி மலையாளத்தின் ஒரு வகைதான். பாலக்காட்டு மலையாளத்தை வைத்துக்கொண்டு அதில் பாதியைப் பிடித்துவிடலாம், மீதியை முகத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். "உம்மா, ஜன்னல் பக்கம் உட்காருகிறீர்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். "பார்த்த கடல்தானே மோனே, நீ பார்" என்றார். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் கரும்நீலமாகவே இருந்த கடலில் திடீரென்று ஒரு பச்சைக்கோடு வந்தது. அதன் ஓரத்தில் தென்னைகள். அடுத்து சக்கரம் தரையைத் தொடும்வரை ஜன்னலில் தண்ணீர்தான் தெரிந்தது. தொட்டவுடன் பைலட் பிடித்த பிரேக்கில் எல்லாரும் ஒருசேர முன்னால் சாய்ந்தோம். உம்மா ஏற்கெனவே முன்இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும்

விமானத்திலிருந்து கட்டடத்துக்கு நடைதான். போலீஸார் அனுமதிச் சீட்டைப் பார்த்துப் பதிவு செய்வார்கள். வரிசை சின்னது, அவசரப்பட வேண்டாம். வெளியே செயலியில் கூப்பிடும் டாக்ஸி கிடையாது. தங்குமிடத்தாரிடம் விமான எண்ணைச் சொல்லிவைத்தால் ஆள் அனுப்புவார்கள், ஆட்டோவும் உண்டு. தீவின் நீளம் ஏழு கிலோமீட்டர் அளவில்தான், ஒரே நெடுஞ்சாலை நடுவில் ஓடுகிறது. வழி தவற முயன்றாலும் முடியாது.

பங்காரத்துக்குப் போகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து படகில் போக வேண்டும். தலைநகரான கவரத்திக்கும் படகு உண்டு, ஹெலிகாப்டரும் உண்டு. ஹெலிகாப்டரில் நோயாளிகளுக்குத்தான் முன்னுரிமை; அதை நம்பி திட்டம் போடாதீர்கள்.

பணம் கையில் இருக்கட்டும். வங்கியும் ஏ.டி.எம்.மும் இருந்தாலும், இயந்திரம் ஒருநாள் படுத்துவிட்டால் அடுத்த ஊருக்குப் போய் எடுக்க அடுத்த ஊர் கிடையாது. போனுக்கு பி.எஸ்.என்.எல்., ஏர்டெல் எடுக்கும். கொச்சியிலிருந்து கடலடிக் கேபிள் 2024 ஜனவரியில் வந்த பிறகு இணையமும் பரவாயில்லை. வாடிக்கையாக வேறு சிம் வைத்திருப்பவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் ஊரில் கலவரமாகிவிடும்.

குடிதண்ணீரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. சுற்றிலும் கடல், கிணற்றிலோ உப்பும் நல்ல தண்ணீரும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருக்கும் மண். 2011-லிருந்து அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஓடுகிறது, நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் கொள்ளளவு. அதை அமைத்தது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம். மேலே உள்ள வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டால், அடுப்பு இல்லாமலேயே கொஞ்சம் ஆவியாகும். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்தால் நல்ல தண்ணீர். நம் பாட்டிமார் இட்லிப்பானை மூடியில் பார்த்த வித்தைதான். அந்தத் தண்ணீரைத்தான் நான் குடித்தேன். பரம்பிக்குளம் - ஆழியாறு தண்ணீருக்காக இரண்டு மாநிலங்கள் கணக்குப் பார்க்கும் ஊரிலிருந்து போனவன் ஒரு குவளையை வீணாக்காமல் குடித்தேன்.

தீவில் பெரும்பாலும் இஸ்லாமியர்கள். ஊருக்குள் நடக்கும்போது தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடையில் போய் நின்று கூப்பிடாதீர்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் தங்குமிடத்தில் முன்பே சொல்ல வேண்டும். காய்கறி கரையிலிருந்து வருவது, நினைத்த நேரத்தில் கிடைக்காது. மற்றவர்களுக்குச் சூரை மீன் மூன்று வேளையும் உண்டு. தூண்டிலால் ஒன்றொன்றாகப் பிடித்த சூரையை வேகவைத்து, புகை காட்டி, மரக்கட்டை போலக் காயவைத்தால் அதுதான் நம் கடைகளில் விற்கும் மாசிக் கருவாடு.

திரும்பும் நாள்

மூட்டை கட்டும்போது இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, குழந்தைகளின் பாக்கெட். கடற்கரையில் கிடக்கும் வெள்ளைப் பவளத்துண்டு செத்துப்போனதுதானே என்று எடுத்துப் போட்டிருப்பார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001 முதல் பவளமும் கடல் அட்டையும் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே முதல் அட்டவணையில். பையைச் சோதிக்கும் கருவியில் தெரிந்துவிடும். பவளத்துண்டை அது கிடந்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டு வாருங்கள். இரண்டாவது, கொப்பரை. தீவில் யாராவது அன்போடு கட்டிக் கொடுப்பார்கள். எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்பதால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தேங்காயும் தீவுச் சர்க்கரையும் சேர்த்து ஓலைச் சருகில் சுற்றிய உண்டையை வாங்குங்கள். பிரச்சினை இல்லை, பத்து நாள் கெடாது. மாசியைப் பாலித்தீனில் மூன்று சுற்று சுற்றினாலும் வாசம் வரும். ஏற்றுவார்களா என்று கவுண்டரில் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி எனக்கு விழுந்த இரண்டாவது அடி. ஞாயிற்றுக்கிழமை விமானம், திங்கட்கிழமை காலை ஆபீஸ் என்று போட்டிருந்தேன். ஞாயிறு காலை அகத்தியில் பளிச்சென்ற வெயில். பெட்டியோடு போய் உட்கார்ந்தேன். விமானம் வரவில்லை. வெயில் அடிக்கும்போது ஏன் வரவில்லை என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். "இங்கே வெயில், கொச்சியில் மழை" என்றார். அப்போதுதான் உறைத்தது. அகத்தியில் விமானம் ராத்திரி தங்கி நமக்காகக் காத்திருப்பதில்லை. பொள்ளாச்சியிலிருந்து பஸ் வந்தால்தானே அது திரும்பிப் போகும்? அங்கே புறப்படவில்லையென்றால் இங்கே நமக்கு வண்டி கிடையாது. அன்று நடை ரத்தாகிவிட்டது. மறுநாள்தான் கிளம்பினேன், ஆபீஸில் அரைநாள் சம்பளத்தோடு முடிந்தது என் அதிர்ஷ்டம்.

அதனால் திரும்பும் நாளுக்கும் ஊரில் உள்ள முக்கியமான வேலைக்கும் நடுவே ஒரு முழு நாளை வெறுமனே விடுங்கள். கல்யாணம், பரீட்சை, வளைகுடாவுக்கான விமானம் எதையும் மறுநாளில் வைக்காதீர்கள். அன்று காலை எழுந்ததும் அகத்தி வானத்தைப் பார்க்காமல், கொச்சியிலிருந்து விமானம் கிளம்பிவிட்டதா என்று போனில் பாருங்கள். அனுமதியில் உள்ள கடைசித் தேதியும் ஒருநாள் தள்ளியே இருக்கும்படி விண்ணப்பித்திருந்தால், ரத்தான அன்று போலீஸ் நிலையத்துக்கு ஓட வேண்டியிருக்காது. ஒரு நாளைக்கான மாத்திரையும் கூடுதலாக இருக்கட்டும். கப்பலில் போய்விடலாமே என்று தோன்றும்; போகலாம்தான், ஆனால் தீவைப் பொறுத்துப் பதினான்கு முதல் இருபது மணி நேரம் வரை ஆகும், அன்றைக்கு அகத்தியைத் தொடும் கப்பல் இருக்க வேண்டும், அதில் இடமும் இருக்க வேண்டும்.

ரத்தான அன்று இருக்கை ஒதுக்கும்போது, கரையில் ஆஸ்பத்திரித் தேதி உள்ளவர்களை முன்னால் விடச் சொன்னால் விட்டுவிடுங்கள். நாம் ஒருநாள் கூடுதலாகக் காயலில் குளிப்போம்.

நெடும்பாசேரியில் இறங்கி ஆலுவாவில் ரயில் பிடித்துப் பாலக்காடு வந்து சேர்கையில் ராத்திரி ஆகிவிட்டால், ஸ்டேடியம் ஸ்டாண்டில் கிழக்கே போகும் கடைசி பஸ் போயிருக்கும். கொழிஞ்சாம்பாறைக்கு ஆட்டோக்காரர் கேட்கும் தொகையைக் கேட்டால் அகத்திக்கே திரும்பிப் போய்விடலாம் போலிருக்கும். மச்சானிடம் பைக்கோடு தயாராக இருக்கும்படி முன்பே சொல்லி வையுங்கள். உண்டையில் நாலைந்தை அவருக்கென்று தனியாக எடுத்து வைப்பதும் நல்லது.